கிராமியின் ‘உலக இசை’ விருது: ஒரு கடத்திலிருந்து ஒரு கஞ்சிரா வரை

2024 பிப்ரவரி 4-ஆம் தேதி, இந்திய இசையும் ஜாஸும் கலந்து வாசிக்கும் சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. சங்கர் மகாதேவன் மேடையில் நின்று பேசும் வீடியோவை நம் ஆட்கள் எல்லோரும் பகிர்ந்தார்கள், நானும்தான். ஆனால் அது எந்தப் பிரிவுக்கான விருது என்று கேட்டால் பலரும் ‘உலக இசை’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை கிராமிக்காரர்கள் 2020-லேயே எடுத்துவிட்டார்கள். ‘வேர்ல்ட் மியூசிக்’ என்று இருந்தது ‘குளோபல் மியூசிக்’ ஆகிவிட்டது. தமிழில் எழுதும்போது இரண்டுமே உலக இசைதான், வித்தியாசமே தெரியாது. அங்கே அந்த ஒரு சொல்லை மாற்றுவதற்கு இருபத்தெட்டு வருடம் ஆனது. ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் இந்த விருதின் கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும்.

அந்தக் கதையில் நமக்கு நெருக்கமான ஒரு இழையும் இருக்கிறது. 1992-ல் இந்த விருது முதல்முறை கொடுக்கப்பட்டபோது வென்ற ஆல்பத்தில் கடம் வாசித்தவர் விக்கு விநாயகராம். 2024-ல் வென்ற ஆல்பத்தில் கஞ்சிரா வாசித்த செல்வகணேஷ் அவருடைய மகன். நடுவில் முப்பத்திரண்டு வருடம். இந்த இடைவெளியில் விருதை இரண்டாகப் பிரித்தார்கள், மறுபடி ஒட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், பக்கத்தில் புது விருதுகளை வைத்தார்கள். (இங்கே சொல்லும் வருடங்கள் எல்லாம் விழா நடந்த வருடங்கள். ஆல்பங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய வருடம் வந்தவை.)

இந்தப் பிரிவே இல்லாத காலத்தில் அமெரிக்காவுக்கு வெளியே இருந்து வந்த இசையை கிராமி எங்கே வைத்தது? கிடைத்த இடத்தில். 1966-ல் ஹாரி பெலஃபான்டேவும் தென்னாப்பிரிக்காவின் மிரியம் மகேபாவும் சேர்ந்து பாடிய ஆல்பம் நாட்டுப்புற இசைப் பிரிவில் வென்றது. 1968-ல் ரவிசங்கரும் யெஹுதி மெனுஹினும் சேர்ந்து வாசித்த ஆல்பத்துக்குக் கிடைத்தது மேற்கத்திய செவ்வியலின் ‘சேம்பர் மியூசிக்’ விருது. எழுபதுகளில் ‘எத்னிக் அல்லது பாரம்பரிய இசை’ என்று ஒரு பிரிவு வந்தது. அதில் சிகாகோவின் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் திரும்பத் திரும்ப ஜெயித்தார். 1988-ல் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழு ‘ஷாகா ஜூலு’ ஆல்பத்துக்காக வாங்கியது பாரம்பரிய நாட்டுப்புற இசைக்கான விருது. ஜூலு மொழிப் பாட்டு, ஆனால் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களோடு ஒரே வரிசை.

அப்புறம் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இதற்கு இரண்டு பிறப்புக் கதைகள் உண்டு, இரண்டுமே உண்மை. முதலாவது நமக்குப் பக்கத்துக் கதை. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிரவுன் என்ற இசைப் பேராசிரியர், பல நாட்டு இசைகளை அந்தந்த நாட்டுக் கலைஞர்களிடமே மாணவர்கள் கற்றுக்கொள்ளும் ஒரு பாடத்திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர்தான் ‘வேர்ல்ட் மியூசிக்’. பிரவுன் மிருதங்கத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். அவருக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்த டி. ரங்கநாதன் 1963-ல் வெஸ்லியனுக்கே கலைஞராகப் போய்ச் சேர்ந்தார். பரதநாட்டியத்தின் பாலசரஸ்வதி இருக்கிறார்களே, அவருடைய தம்பி. இன்னொரு தம்பி, புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் பிற்பாடு அங்கே பல வருடம் கற்றுக்கொடுத்தார். ஆக அந்தச் சொல் முதலில் ஒரு வகுப்பறையில் பிறந்தது, வீணை தனம்மாளின் பேரன்கள் உட்கார்ந்து பாடம் சொன்ன வகுப்பறையில். அங்கே அதற்கு மரியாதையான அர்த்தம்: எல்லா இசைக்கும் சம இடம், உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொள்.

இரண்டாவது பிறப்பு லண்டனில், ஒரு பப்பில். 1987 ஜூன் 29 அன்று ‘எம்ப்ரெஸ் ஆஃப் ரஷ்யா’ என்ற பப்பின் மாடியில் சின்னச் சின்ன இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களும் வானொலிக்காரர்களும் கூடினார்கள். அவர்களுக்கு இருந்தது கடைப் பிரச்சினை. மாலி, புல்கேரியா, பாகிஸ்தான் என்று நல்ல நல்ல இசையை வெளியிடுகிறார்கள், ஆனால் இசைத்தட்டுக் கடையில் அதை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. ராக் இல்லை, ஜாஸ் இல்லை, ரெகே இல்லை. அலமாரி இல்லாத இசை விற்காது. பல பெயர்களை யோசித்து, ஓட்டுப் போட்டு, ‘வேர்ல்ட் மியூசிக்’ என்று முடிவு செய்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு விளம்பரம் செய்தார்கள். அவ்வளவுதான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த இசையை உயிராக நேசித்தவர்கள். அந்த அட்டையை வைக்காவிட்டால் பல கலைஞர்களை ஐரோப்பா கேட்டே இருக்காது. ஆனால் கடை அலமாரிக்கு எழுதின அட்டை, கொஞ்ச நாளில் ஒரு இசை வகையின் பெயராகிவிட்டது. ஒரு கவாலியையும் ஒரு சாம்பாவையும் ஒரு திபெத்திய மந்திர ஓதுதலையும் ஒரே அட்டையின் கீழ் வைக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு: அட்டை எழுதுகிறவர் அவற்றில் எதுவும் இல்லாத ஒரு ஊரில் இருக்கிறார்.

அமெரிக்காவில் அப்போது பாடகர் பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’ அலை. தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர்களோடு செய்த அந்த ஆல்பம் 1987-ல் வருடத்தின் சிறந்த ஆல்பம் என்ற கிராமியை வாங்கியது. 1990-ல் பில்போர்ட் பத்திரிகை உலக இசைக்கென்று தனி விற்பனைப் பட்டியல் போட ஆரம்பித்தது. பட்டியல் வந்தால் விருதும் வரும். 1992-ல் வந்தது.

முதல் விருது ‘பிளானட் டிரம்’ ஆல்பத்துக்கு. அட்டையில் பெயர் மிக்கி ஹார்ட், கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம்மர். உள்ளே வாசித்தவர்களைப் பாருங்கள்: தபலா ஜாகிர் ஹுசேன், கடம் விக்கு விநாயகராம், நைஜீரியாவின் பாபதுண்டே ஒலதுன்ஜி, சிகிரு அடெபோஜு, பிரேசிலின் ஐர்டோ மொரெய்ரா, போர்ட்டோ ரிக்கோவின் ஜியோவானி ஹிடால்கோ. கிட்டத்தட்ட முழுக்க முழுக்கத் தாளம்தான். பில்போர்டின் உலக இசைப் பட்டியலில் 26 வாரம் முதல் இடத்தில் நின்றது. பக்கவாத்தியத்திலும் கடைசியில் உட்காரும் உபபக்கவாத்தியம் என்று சபாக்களில் ஒதுக்கிவைத்த மண்பானைக்கு இப்படி ஒரு பெருமை கிடைத்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அந்த ஆல்பத்தை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். கடத்தின் சத்தம் வரும் இடமெல்லாம் தெளிவாகத் தனியாகத் தெரியும்.

ஆனால் இந்த முதல் விருதிலேயே ஒரு அச்சும் விழுந்துவிட்டது: அமெரிக்க ஓட்டாளருக்குத் தெரிந்த ஒரு பெயர் முன்னால், அவருக்குத் தெரியாத மேதைகள் பின்னால். கிராமிக்கு ஓட்டுப் போடுபவர்கள் ரெக்கார்டிங் அகாடமியின் உறுப்பினர்கள், அதாவது இசைத் தொழிலில் இருப்பவர்கள். பாடகர்கள், வாத்தியக்காரர்கள், தயாரிப்பாளர்கள், ஒலிப்பதிவாளர்கள். அவர்கள் காதுள்ளவர்கள்தான், ஆனால் கேட்டுப் பழகாத ஐந்து ஆல்பங்கள் முன்னால் இருந்தால் தெரிந்த பெயர் பக்கம்தான் கை போகும். அது மனித சுபாவம்.

1994-ல் வென்றது ‘எ மீட்டிங் பை தி ரிவர்’. அமெரிக்க கிதார்காரர் ரை கூடரும் ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட்டும் வாசித்தது. இந்த ஆல்பம் பிறந்த விதம் ஒரு சின்னக் காவியம். இதைப் பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்து கலிஃபோர்னியாவில் வாட்டர் லிலி அகூஸ்டிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய கவிச்சந்திரன் அலெக்சாண்டர். இடம் சான்டா பார்பராவில் ஒரு தேவாலயம். இரண்டு கலைஞர்களும் அதற்கு முன்னால் சந்தித்ததே இல்லை. ஒத்திகை கிடையாது. உடன் தபலா சுக்விந்தர் சிங் நாம்தாரி, அப்புறம் கூடரின் பதினாலு வயது மகன் ஜோக்கிம் ஒரு அரபுத் தாள வாத்தியத்தோடு. பட் வாசிப்பது மோகன வீணை, அதாவது கிதாரையே எடுத்து அனுநாதத் தந்திகள் சேர்த்து அவரே மாற்றி அமைத்த வாத்தியம். கூடர் வாசிப்பது ப்ளூஸ்காரர்களின் ஸ்லைடு. இரண்டுமே தந்தியில் வழுக்கிப் போகிற வாசிப்பு என்பதால் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தெரிந்த பெயர், தெரியாத பெயர் என்ற கணக்கெல்லாம் இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது மறந்துபோகும். அது உண்மையான சந்திப்பு.

அடுத்த வருடமும் கூடர்தான், இந்தமுறை மாலியின் அலி ஃபர்கா டூரேவோடு ‘டாக்கிங் டிம்பக்டு’. இதுவும் அற்புதமான ஆல்பம், சந்தேகமே இல்லை. ஆனாலும் முதல் பன்னிரண்டு வருடத்தில் ஆப்பிரிக்கக் கலைஞர் ஒருவரின் பெயர் வென்ற ஆல்பத்தின் முகப்பில் வந்தது இந்த ஒரே தடவைதான், அதுவும் கூடவே ஒரு அமெரிக்கப் பெயரோடு. உலக இசை என்றாலே கடைக்காரர் முதலில் நினைத்தது ஆப்பிரிக்காவை. விருது அந்தப் பக்கம் போகவே இல்லை.

1996-ல் நடந்ததைத்தான் நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். ‘போஹேம்’ ஆல்பத்துக்காக வென்ற டீப் ஃபாரஸ்ட் பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் இருவரின் குழு. அவர்கள் பெயர் வாங்கியது அதற்கு முந்தைய ஆல்பத்தில், ‘ஸ்வீட் லல்லபி’ என்ற பாட்டில். அந்தப் பாட்டின் உயிரான குரல் சாலமன் தீவுகளைச் சேர்ந்த அஃபுனக்வா என்ற பெண்ணுடையது. அழும் தம்பியைத் தேற்றும் ஒரு தாலாட்டு. 1970 வாக்கில் இசை ஆய்வாளர் ஹியூகோ செம்ப் அதை அங்கே போய்ப் பதிவு செய்திருந்தார். தன் அனுமதியோடு அந்தப் பதிவு பயன்படுத்தப்படவில்லை என்று செம்ப் பிற்பாடு எழுதினார், பெரிய விவாதமே நடந்தது. அந்தத் தாலாட்டு இருந்த ஆல்பமும் இதே உலக இசைப் பிரிவில் பரிந்துரை பெற்றது. பாடிய பெண்ணுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. நம் ஊரில் ஒரு பாட்டி பாடிய ஒப்பாரியை யாரோ டேப்பில் பிடித்துக்கொண்டு போய், இன்னொருவர் அதற்கு பீட் போட்டு விற்று, விருது மேடை வரை கொண்டுபோனால் நமக்கு எப்படி இருக்கும்? ‘உலகம்’ என்ற பெயரில் ஒரு விருது இருக்கும்போது அந்த உலகத்தில் யார் கலைஞர், யார் வெறும் சத்தம் என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

இதற்கிடையில் பிரேசில்காரர்கள். 1998 முதல் 2001 வரை தொடர்ந்து நான்கு வருடம் அவர்களுக்கே: மில்டன் நாசிமென்டோ, ஜில்பெர்டோ ஜில், கயதானோ வெலோசோ, ஜோவாவ் ஜில்பெர்டோ. அதற்கு முன் 1993-ல் செர்ஜியோ மென்டிஸ். பொஸ்ஸா நோவா என்ற பிரேசில் இசை அறுபதுகளிலேயே அமெரிக்கக் காதுகளில் ஏறிவிட்டது, அதனால் இந்தப் பெயர்கள் அங்கே அந்நியம் இல்லை. அதே சமயம் கியூபாவின் ‘புவெனா விஸ்டா சோஷியல் கிளப்’ 1998-ல் வென்றது லத்தீன் இசைப் பிரிவில். கியூபா லத்தீன், பிரேசில் உலகம். பாகிஸ்தானின் கவாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் 1997-ல் இரண்டு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டார், ஒன்று உலக இசை, இன்னொன்று பாரம்பரிய நாட்டுப்புற இசை. இரண்டிலும் கிடைக்கவில்லை, அந்த வருடம் ஆகஸ்டில் இறந்தும் போனார். அவருக்குக் கொடுக்காமல் விட்டது இந்த விருதின் தீராத குறை என்றே நினைக்கிறேன்.

2004-ல் பிரித்தார்கள். ‘பாரம்பரிய உலக இசை’ ஒன்று, ‘சமகால உலக இசை’ ஒன்று. பலன் உடனே தெரிந்தது. பாரம்பரியத்தில் முதல் விருது இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் ஷெரப் லிங் மடத்தின் திபெத்தியத் துறவிகளுக்கு. சமகாலத்தில் கேப் வெர்டியின் செசாரியா எவோரா. அடுத்த வருடம் லேடிஸ்மித் குழுவும் செனகலின் யூசு என்டூரும். இரண்டு நாற்காலி இருந்தால் ஒன்றிலாவது புது ஆள் உட்கார முடியும். ஆப்பிரிக்காவுக்கு இந்த மேடை நிஜமாகத் திறந்தது இந்த எட்டு வருடத்தில்தான்.

ஆனால் எது பாரம்பரியம், எது சமகாலம் என்று யார் சொல்வது? என்டூர் வென்ற ‘ஈஜிப்ட்’ செனகலின் சூஃபி ஞானிகளைப் போற்றும் பாடல்கள், கெய்ரோவின் வாத்தியக் குழுவோடு. அதை வைத்தது சமகாலத்தில். தியாகராஜர் கீர்த்தனையை ஒருவர் இன்றைக்கு மேடையில் புதிதாக நிரவல் செய்து கற்பனாஸ்வரம் பாடினால் அது இருநூறு வருடம் பழையதா, இன்று காலை பிறந்ததா? நமக்கு இந்தக் கேள்வியே வராது. இரண்டும்தான். ஒரு படிவத்தில் டிக் அடிக்க வேண்டியவருக்குத்தான் இது பிரச்சினை.

2011-ல் அகாடமி தன் மொத்தப் பிரிவுகளை 109-லிருந்து 78 ஆகக் குறைத்தது. ஹவாய் இசை, அமெரிக்கப் பழங்குடி இசை போன்றவற்றின் தனி விருதுகள் போயின. உலக இசையின் இரண்டு நாற்காலியும் ஒன்றானது. 2012-ல் அதில் உட்கார்ந்தவர்கள் சஹாராவின் துவாரெக் குழு டினாரிவென். 2013-ல் ரவிசங்கர், இறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில். அதே பிரிவில் அவர் மகள் அனோஷ்காவும் போட்டியில் இருந்தார். 2014-ல் ஜிப்ஸி கிங்ஸும் லேடிஸ்மித்தும் சமமாக வர, இரண்டு பேருக்கும் கொடுத்தார்கள்.

நாற்காலி ஒன்றானதும் பழைய சுபாவம் திரும்பியது. 2015, 2016, 2020, 2022 என்று நான்கு தடவை பெனின் நாட்டின் ஆஞ்செலிக் கிஜோ. 2008-ல் சமகாலப் பிரிவில் வாங்கியதையும் சேர்த்தால் ஐந்து. அவர் மகா கலைஞர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஐம்பத்துச் சொச்சம் நாடுகள் இருக்கும் ஒரு கண்டத்துக்கு ஒரே முகம் என்று ஆவது அவருக்கே பாரம்தான். அதை அவரே சொன்ன தருணமும் வந்தது. 2020-ல் நைஜீரியாவின் பர்னா பாய் ‘ஆஃப்ரிகன் ஜயன்ட்’ ஆல்பத்தோடு போட்டியில் இருந்தார். லாகோஸ் முதல் லண்டன் வரை இளைஞர்கள் காதில் அப்போது அவர்தான். வென்றது கிஜோ. மேடையில் ஏறியவர் அந்த விருதை பர்னா பாய்க்குச் சமர்ப்பித்து, ஆப்பிரிக்காவின் புதிய தலைமுறை வருகிறது என்று சொல்லி இறங்கினார். அடுத்த வருடம் ‘ட்வைஸ் ஆஸ் டால்’ ஆல்பத்துக்கு பர்னா பாய் வாங்கினார். வாங்கும்போது விருதின் பெயர் மாறியிருந்தது.

2020 நவம்பரில்தான் அந்த மாற்றம். கலைஞர்கள், இசை ஆய்வாளர்கள், மொழியியலாளர்கள் எல்லோரிடமும் பேசி, காலனி ஆதிக்க வாசனையும் ‘அமெரிக்கர் அல்லாதவர்’ என்ற தொனியும் பழைய பெயரில் இருப்பதால் மாற்றுகிறோம் என்று அகாடமி அறிவித்தது. 1999-லேயே ராக் பாடகர் டேவிட் பைர்ன் நியூயார்க் டைம்ஸில் இந்தச் சொல் மீதான வெறுப்பை நேராகத் தலைப்பிலேயே வைத்து எழுதிவிட்டார். அவர் உலகத்து இசையையெல்லாம் வெளியிட ஒரு கம்பெனியே நடத்தியவர். பெயர் மாற்றம் சரியான காரியம்தான். ஆனால் அலமாரி அதே அலமாரி. ஜப்பானின் கோட்டோவும் யொருபா பாப்பும் நம் கஞ்சிராவும் இன்னும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

பெயரைவிடப் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது பிறகு வந்த புதுப் பிரிவுகளை. 2022-ல் ஒரு தனிப்பாட்டுக்கான ‘குளோபல்’ விருது தொடங்கியது. முதல் விருதை ‘மொஹப்பத்’ பாட்டுக்கு வாங்கிய அரூஜ் அஃப்தாப், கிராமி வென்ற முதல் பாகிஸ்தானியர். 2024-ல் ஆப்பிரிக்க இசைக்கென்றே ஒரு விருது வந்தது, முதலில் வென்றவர் தென்னாப்பிரிக்காவின் டைலா. தனி வீடு கட்டிக்கொண்டு வெளியே போவதுதான் இந்த அலமாரியிலிருந்து தப்பும் வழி. ரெகே 1985-லேயே அப்படிப் போய்விட்டது. சென்னையில் வளர்ந்த சந்திரிகா டாண்டன் 2011-ல் ‘ஓம் நமோ நாராயணாய’ ஆல்பத்தோடு சமகால உலக இசைப் பிரிவில் பரிந்துரை பெற்றார், 2025-ல் ‘திரிவேணி’க்காக ஜெயித்தது மந்திரமும் தியான இசையும் சேர்ந்த இன்னொரு பிரிவில். கதவு எது என்பது பாடுகிறவர் கையில் முழுதாக இல்லை.

சரி, கர்நாடக சங்கீதம்? கச்சேரி முறையில் பாடிய ஒரு கர்நாடக ஆல்பம் இந்த விருதை இதுவரை வாங்கியதில்லை. நம் கலைஞர்கள் அங்கே போய்ச் சேர்ந்த வழி எல்லாமே கூட்டுத்தான்: மிக்கி ஹார்ட்டோடு, சக்தியின் கிதார்காரர் ஜான் மெக்லாஃப்ளினோடு. இதை நான் இழிவாகச் சொல்லவில்லை. சக்தியைப் போல ஒரு கூட்டு வருவதற்கு இரண்டு பக்கமும் வருடக்கணக்கில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மெக்லாஃப்ளின் இங்கிலாந்துக்காரர், ஜாஸ் கிதாரில் உச்சத்தில் இருந்தபோது வீணை கற்றுக்கொண்டவர். லாப நஷ்டம் பார்த்துச் சேர்ந்த கூட்டணி இல்லை அது.

1975-ல் நியூயார்க் பக்கத்தில் சவுதாம்ப்டன் கல்லூரியில் சக்தி வாசித்த கச்சேரிதான் அவர்களுடைய முதல் ஆல்பம். எல். சங்கர் வயலின், ஜாகிர் தபலா, விக்கு கடம். அப்போது கிராமியில் அதற்கு ஒரு பிரிவே கிடையாது. ஜாஸ் தட்டுகளோடு விற்றார்கள். எழுபதுகளில் மூன்று ஆல்பத்தோடு குழு நின்றுபோனது. தொண்ணூறுகளின் கடைசியில் மாண்டலின் ஸ்ரீநிவாஸும் செல்வகணேஷும் சேர மறுபடி மேடையேறியது. ஸ்ரீநிவாஸ் 2014-ல் நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார். கணேஷ்–குமரேஷ் சகோதரர்களில் கணேஷ் வயலினோடு வந்து சேர்ந்தார். நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகு ஸ்டூடியோவில் செய்த ஆல்பம் ‘திஸ் மொமென்ட்’. விருது கொடுத்தது தொலைக்காட்சியில் வரும் பெரிய விழாவில் இல்லை, அதற்கு முன் மதியம் நடக்கும் விழாவில். அதே நாளில் ஜாகிர் மொத்தம் மூன்று கிராமி வாங்கினார். அந்த வருடம் டிசம்பர் 15-ஆம் தேதி அவரும் இறந்துபோனார், 1992-ல் விக்குவுக்குப் பக்கத்திலும் 2024-ல் அவர் மகனுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்து வாசித்தவர்.